டயட்டில் இருக்கும்போது கல்யாண விருந்து வந்தால்?

தாராளமாகப் போய்ச் சாப்பிடுங்கள், ஆனால் ஒரு வேளை மட்டும். ‘இன்னைக்கு லீவு’ என்று நாள் முழுக்க விட்டால் கணக்கு உதைக்கும். தினமும் 500 கலோரி குறைத்தால் ஆறு நாளில் மிச்சம் 3000. காலை பூரி, மதியம் விருந்து, இரவு பரோட்டா என்றால் அதில் பெரும்பகுதி ஒரே நாளில் திரும்பிவிடும்.

விருந்தை நம்பிக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். அகோரப் பசியோடு உட்கார்ந்தால் இரண்டாவது ஜாங்கிரிக்கும் கை நீளும். பாயசமா ஜாங்கிரியா, ஏதாவது ஒன்று போதும். (அப்பளத்தை விடச் சொல்ல எனக்கு மனசில்லை.)

மறுநாள் எடை ஒரு கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம். உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர்தான் பெரும்பாலும். சில நாளில் இறங்கிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.