நிம்ஹான்ஸில் உளவியல் வேலை: எங்கே சறுக்குகிறார்கள்?

எம்.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு பலர் பெங்களூரு நிம்ஹான்ஸின் (தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம்) ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைத் திறக்கிறார்கள். 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல்லைத் தேடுகிறார்கள். இல்லையா? மூடிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

மருத்துவப் படிப்பும் ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடங்களில், புதிதாகப் படித்து வருபவருக்கான வேலை பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில்தான் இருக்கும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) மாதிரி அமைப்பு பணம் தந்தால் பதவிப் பெயரும் அவர்களுடையதே: 'புராஜெக்ட் டெக்னிகல் சப்போர்ட்', 'புராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட் (நான்-மெடிக்கல்)' என்று இருக்கும். உளவியல் என்பது கல்வித்தகுதி வரியில்தான் தென்படும். ஆகவே தலைப்பை விட்டுவிட்டுத் தகுதி வரியைப் படியுங்கள். மருத்துவ உளவியல் துறையோடு நின்றுவிடவும் வேண்டாம். மனநல மருத்துவம், நரம்பியல், எபிடெமியாலஜி (நோய்ப்பரவலியல்) துறைகளின் திட்டங்களுக்கும் உளவியல் படித்தவர்கள் தேவைப்படுவார்கள். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தது நிம்ஹான்ஸ்தான். அப்படிப்பட்ட ஆய்வுக்கு வீடு வீடாகப் போய் உள்ளூர் மொழியில் கேள்வி கேட்க ஆள் வேண்டும். தமிழ் பேச, படிக்க, எழுதத் தெரியும் என்பதைப் பலர் பயோடேட்டாவின் கடைசி வரியில் ஒப்புக்குப் போடுகிறார்கள். தென்னிந்தியத் திட்டங்களுக்கு அதை மேலேயே எழுதலாம்.

அடுத்தது, எம்.எஸ்சி. மட்டும் படித்துவிட்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்வது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) சட்டப்படி, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் கவுன்சிலில் பதிவும் வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு கேட்கும் பணிக்கு அது இல்லாமல் விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலிலேயே விண்ணப்பம் கழிந்துவிடும்.

'மனிதர்களைப் புரிந்துகொள்ளப் பிடிக்கும்' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் போன்ற அளவுகோலைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா, ஆய்வில் பங்கேற்பவர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்கிய அனுபவம் உண்டா, புள்ளியியல் மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது தரவு சேகரிக்கும் மென்பொருளான ரெட்கேப் தெரியுமா? தேர்வுக் குழு பார்ப்பது இதைத்தான். எம்.எஸ்சி. ஆய்வேட்டில் செய்ததுகூடக் கணக்கில் வரும்.

சம்பளம் தொகுப்பூதியம். வேலை நிரந்தரம் இல்லை, திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். நேர்காணலில் "இன்னும் எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நியாயமான கேள்விதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், வாக்-இன் (நேரடி நேர்காணல்) என்றால் சும்மா போய்ப் பார்ப்பது என்று அர்த்தமில்லை. அசல் சான்றிதழ்கள் வேண்டும், வயது வரம்பு எந்தத் தேதிப்படி என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். சில பணிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டுதான். அதை அறிவிப்பில் சொன்ன வழியில் மட்டும் கட்டுங்கள். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்லித் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்பவரின் எண்ணை அப்போதே பிளாக் செய்துவிடலாம்.