மாடா, சவாரிக்காரரா? மோட்டோ ஜீ.பி. பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுவண்டிச் சவாரி முடிந்த பிறகு திடலோரப் பனைகளின் கீழ் நின்றவர்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும். "சோடி நல்ல சோடி, யார் ஏறினாலும் வெல்லும்" என்பார் ஒருவர். "அதே சோடிதானே போன முறை பாதியில் விலகி ஓடியது? அன்று ஏறியவர் யார்?" என்று இன்னொருவர் மடக்குவார். பொழுது படும்வரை தீராது. ஞாயிறு மாலை 5.30க்கு மோட்டோ ஜீ.பி. என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் ஐரோப்பியப் பந்தயம் தொடங்கும்போது எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறவர்களும் அதே வழக்கைத்தான் பேசுகிறார்கள். மாட்டுக்குப் பதில் டுகாட்டி என்ற இத்தாலிய வண்டி, சவாரிக்காரருக்குப் பதில் அதை ஓட்டும் மார்க் மார்க்கெஸ். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் போட்டிகளைப் பார்த்து வருகிறேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் நான் செய்யாதது ஒன்றும் இல்லை.

நேர்ப்பாதை வேகத்தைப் பார்த்து வண்டிக்குப் புள்ளி போடுவது மிகச் சாதாரணமான தவறு. ஊரில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவரும் முதலில் அதைத்தான் கேட்கிறார் என்பதால் யாரையும் குறை சொல்ல மனம் வருவதில்லை. 2023இல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பிண்டர் கே.டி.எம். வண்டியில் மணிக்கு 366.1 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். அதுவரை எவரும் தொடாத வேகம் அது. ஆனால் அந்த வார இறுதியில் நடந்த இரண்டு ஓட்டங்களையும், சனிக்கிழமைக் குறு ஓட்டத்தையும் ஞாயிறு முழு ஓட்டத்தையும், வென்றவர் டுகாட்டியில் வந்த பிரான்செஸ்கோ பன்யாயா. 2021இல் பாபியோ குவார்ட்டராரோவுக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்த யமஹா, நேர்ப்பாதைகளில் டுகாட்டிகளிடம் வாரா வாரம் அடி வாங்கிய வண்டி. முஜெல்லோவின் நேர்ப்பாதை முடியும் இடத்தில் 350க்கு மேற்பட்ட வேகத்தை 100 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்சில்லு மேலே கிளம்பாமல் வண்டி அடங்குகிறதா, சாய்க்கத் தொடங்கிய பிறகும் பிரேக்கை விடாமல் எவ்வளவு தூரம் உள்ளே கொண்டுபோகலாம், நிமிரும்போது பின் ரயர் தரையைப் பிடிக்கிறதா என்பவையெல்லாம் அந்தச் சில விநாடிகளில் தெரிந்துவிடும். தொலைக்காட்சித் திரையின் மூலையில் ஓடும் வேக இலக்கத்தில் இவை ஒன்றும் வராது.

அடுத்தது 2004ஆம் ஆண்டுக் கதை. இதைச் சற்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ஓட்டுபவரே எல்லாம் என்று வாதிடுகிறவர்கள் கடைசித் துருப்பாக இறக்குவது இதைத்தான்.

வலன்டினோ ரொஸி 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களை ஹொண்டாவில் வென்றார். "ஹொண்டாவில் யாரும் வெல்லலாம்" என்ற பேச்சு வந்தது. அவர் யமஹாவுக்கு மாறினார். யமஹா கடைசியாக உயர்நிலைப் பிரிவின் உலகப் பட்டம் வென்றது 1992இல், வெய்ன் ரெய்னியுடன். 2003 பருவம் முழுவதிலும் அதற்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2004 ஏப்ரல் 18ஆம் திகதி தென்னாபிரிக்காவின் வெல்கொம்மில் முதல் பந்தயம். ஹொண்டாவில் வந்த மக்ஸ் பியாஜியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்து ரொஸி வென்றார். வென்றதும் வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு அதற்கு முத்தம் கொடுத்தார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருடையதே.

கதையை இங்கே நிறுத்திவிடுவதுதான் தவறு. ரொஸி தனியாகப் போகவில்லை. ஹொண்டாவில் அவருடன் இருந்த தலைமை மெக்கானிக் ஜெரெமி பேர்ஜஸ் கூடவே போனார். யமஹாவில் மசாவோ புருசாவா என்ற பொறியியலாளர் இயந்திரத்தையே மாற்றிக்கொண்டிருந்தார். வழக்கமான நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் பிஸ்டன்கள் நான்கும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அதனால் சுழல்தண்டில் எழும் துடிப்பு, ரயர் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று கைக்கு வரும் சேதியைக் குழப்பிவிடும். புருசாவா தண்டின் வளைவுகளைச் சிலுவை வடிவில் மாற்றி, நான்கு சிலிண்டர்களிலும் எரிபொருள் சமமற்ற இடைவெளியில் வெடிக்கும்படி செய்தார். 2004 தொடக்கத்தில் மலேசியாவின் செபாங்கில் பல வகை இயந்திரங்களை ரொஸியிடம் ஓட்டக் கொடுத்தார்கள். அவர் அந்தச் சிலுவைத் தண்டு வகையைத் தெரிந்தெடுத்தார். இனி 2004 யாருடைய வெற்றி? நல்ல இயந்திரத்தைக் கையால் உணர்ந்து தெரிந்தெடுப்பதும் ஓட்டும் திறமைதானே என்று கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பழைய வண்டியில் ஏறி மந்திரம் போட்டதுபோல் சொல்லக்கூடாது.

அதே ரொஸி 2011இல் டுகாட்டிக்குப் போனார். பேர்ஜஸும் போனார். இரண்டு பருவங்களில் ஒரு வெற்றியும் இல்லை. முதல் மூவரில் ஒருவராக மூன்று முறை மேடையேறினார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய பருவத்தில் டுகாட்டியில் மூன்று பந்தயங்கள் வென்ற கேசி ஸ்டோனர், 2011இல் ஹொண்டாவுக்குப் போய் அங்கும் பட்டம் வென்றார்.

ஆகவே ரொஸி மோசமா, டுகாட்டி மோசமா? இரண்டுமே தவறான கேள்விகள். எனக்கு இது விளங்கியது தொலைக்காட்சியில் அல்ல, மாமாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்த காலத்தில் அந்த ஹொண்டா மண்ணெண்ணெயில் ஓடியது. காலையில் காபரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் காட்ட வேண்டும். எத்தனை துளி, எத்தனை உதை, எந்த உதையில் முறுக்கியை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் மாமாவின் காலுக்கும் கைக்கும் மட்டும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் அவரைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் உதைத்தால் அது இருமிவிட்டு நின்றுவிடும். மாமா வேறொருவரின் வண்டியில் ஏறினால் அவரும் சாதாரண ஆள்தான்.

பந்தய வண்டிகளும் இப்படித்தான் ஒருவருக்கு வாலாயமாகின்றன. ஜோர்ஜ் லொரென்ஸோ யமஹாவில் மூன்று பட்டங்கள் வென்றுவிட்டு 2017இல் டுகாட்டியில் ஏறினார். அந்த ஆண்டு வெற்றி இல்லை. பிரேக் பிடிக்கும்போது உடலைத் தாங்க வசதியாகப் பெற்றோல் தாங்கியின் வடிவத்தை மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 முஜெல்லோவில் அது கிடைத்தது. அந்தப் பந்தயத்தை வென்றார், அடுத்ததையும் வென்றார், பிறகு ஒஸ்திரியாவிலும் வென்றார். ஒரு தாங்கியின் வடிவம்! ஆனால் முஜெல்லோ வெற்றி வந்த கிழமையிலேயே அவர் ஹொண்டாவுக்குப் போகும் அறிவிப்பும் வந்துவிட்டது. டுகாட்டிக்காரர்கள் தாங்கியை முதலிலேயே கொடுத்திருக்கலாம் என்பது என் பழைய மனத்தாங்கல்.

இதன் மறுபக்கம்தான் "ஒரே வண்டி, ஒரே குழு, இருவரையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை. ஓட்டுபவரை அளக்க இருக்கும் வழிகளில் இதுவே சிறந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. 2019இல் ஹொண்டா தொழிற்சாலைக் குழுவில் மார்க்கெஸ் எடுத்தது 420 புள்ளிகள். அதே குழுவில் அதே லொரென்ஸோ எடுத்தது 28. காயத்தால் சில பந்தயங்களைத் தவறவிட்டார் என்றாலும், ஐந்து உலகப் பட்டங்கள் பெற்ற ஒருவர் பதினைந்தில் ஒரு பங்கு திறமைசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஹொண்டா ஆண்டுக்காண்டு மார்க்கெஸின் கைக்கு ஏற்பச் சாய்ந்துபோயிருந்தது. 2020இல் ஜெரெஸில் அவருடைய வலது மேற்கை முறிந்தது. அந்தப் பருவத்தில் ஹொண்டா ஒரு பந்தயமும் வெல்லவில்லை.

ஒரே நாளில்கூட இந்த ஒப்பீடு ஏமாற்றும். 2025 செப்டெம்பர் 28இல் ஜப்பானின் மொட்டேகியில் மார்க்கெஸ் டுகாட்டியில் பட்டத்தை உறுதி செய்தார். அதே குழுவில் அந்த ஆண்டு முழுவதும் தடுமாறிய பன்யாயாதான் அன்றைய பந்தயத்தை வென்றார், அதுவும் வண்டியின் பின்னால் புகை கக்கக் கக்க. அதற்கு முந்தைய ஆண்டு 11 பந்தயங்கள் வென்றும் பட்டத்தை 10 புள்ளிகளால் ஜோர்ஜ் மார்ட்டினிடம் விட்டவரும் அவர்தான். வெற்றிகளை மட்டும் எண்ணுவதும் ஒரு தவறு என்று இங்கே போகிறபோக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்டி என்றால் தோற்கும் வண்டி என்று எடுத்துக்கொள்வதும் இதே வகை. 2023இல் டில்லிக்குப் பக்கத்திலுள்ள புத்தா ஓடுபாதையில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜீ.பி. நடந்தபோது வென்ற மார்கோ பெஸெக்கி ஏறியிருந்தது முந்தைய ஆண்டு டுகாட்டி. புது வண்டியில் வந்த பன்யாயா அன்று விழுந்துவிட்டார்.

"இப்போது எல்லாம் கணினிதான் ஓட்டுகிறது" என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு போதும். 2016இலிருந்து எல்லா வண்டிகளுக்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரே மென்பொருள். கணினிதான் ஓட்டுகிறது என்றால் எல்லோரும் ஒன்றாக வந்து சேர வேண்டுமே.

விழுகிறவரைத் திறமை குறைந்தவர் என்று எழுதிவிடுவதையும் நிறுத்த வேண்டும். 2017இல் மார்க்கெஸ் பயிற்சி ஓட்டங்களையும் சேர்த்து 27 முறை விழுந்தார். அந்த ஆண்டு உலகப் பட்டமும் அவருக்கே. பெரும்பாலும் பயிற்சியில்தான் விழுந்தார். முன் ரயர் எந்த இடத்தில் கைவிடும் என்று வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்கு ஒரு சாண் இப்பால் நிற்கலாம். அவருடைய முறை அது. ஒன்றுமே விழாமல் பத்தாவதாக வருகிறவர் அந்த எல்லையைப் பார்த்ததே இல்லாதவராகவும் இருக்கலாம்.

கடைசியாக, வண்டி என்றும் ஓட்டுபவர் என்றும் இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு ரயரை மறந்துவிடும் தவறு. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2007இல் ஸ்டோனரும் டுகாட்டியும் மற்றவர்களைத் துவைத்தெடுத்தபோது அவர்களுடைய ரயர் பிரிஜ்ஸ்டோன், ரொஸியினுடையது மிச்லின். ரொஸி பிடிவாதம் பிடித்து 2008இல் பிரிஜ்ஸ்டோனுக்கு மாறினார். அவருடைய குழுவிலேயே இருந்த லொரென்ஸோ மிச்லினில் ஓடினார். ஒரே வண்டி, இரண்டு ரயர். அந்த ஆண்டுப் பட்டம் ரொஸிக்கு. 2009இலிருந்து எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் ரயர்தான் என்ற விதி வந்தது. ஆனால் ரயரின் கதை அதோடு முடியவில்லை.

முன் ரயரின் காற்றழுத்தம் 1.8 பாருக்குக் குறையக்கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 26 பி.எஸ்.ஐ. பந்தயத்தின் குறிப்பிட்ட பங்குச் சுற்றுகளில் அது பேணப்படாவிட்டால் நேரத் தண்டனை விழும். முன்னால் தனியாகப் போகிறவரின் ரயரில் நல்ல காற்றுப்பட்டு அது குளிரும், அழுத்தம் இறங்கும். இன்னொரு வண்டியின் பின்னால் ஒட்டிப் போனால் அதன் வெக்கை அடித்து அழுத்தம் ஏறும். 2025இன் முதல் பந்தயம் தாய்லாந்தின் புரிராமில். முன்னணியில் இருந்த மார்க்கெஸ் ஏழாவது சுற்றில் திடீரென்று வேகத்தைத் தளர்த்தித் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். எங்கள் விறாந்தையில் ஒருவர் "இயந்திரம் போச்சு" என்றார், இன்னொருவர் "கியர் மாற்றத்தில் பிழை விட்டுவிட்டார்" என்றார். அவர் செய்தது ரயரைச் சூடாக்குவது. தம்பியின் பின்னால் பதினைந்து சுற்றுக்கு மேல் பொறுமையாக இருந்துவிட்டு, மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போது கடந்து போய் வென்றார். இது ஓட்டும் திறமையா, வண்டியின் வசதியா, ரயரின் கணக்கா என்று பிரித்துத் தருகிறவருக்கு நான் ஒரு நாள் தேநீர் வாங்கித் தருகிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவர் வல்லைவெளியில் விழுந்தார். சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கிற நேரம், முதல் நாள் பார்த்த பந்தயம் மனதில், பாலத்தைத் தாண்டி வரும் வளைவில் வழக்கத்தைவிடச் சற்று அதிகம் சாய்த்திருக்கிறார். கையில் சிராய்ப்பு, முழங்காலில் நான்கு தையல். வண்டியை மினி லொறியில் ஏற்றிக் கொக்குவிலில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் அதே வழக்குத்தான். "வண்டியின் முன்பக்கம் சரியில்லை, வாங்கிய நாளிலிருந்தே இழுக்கிறது" என்றார் அவர். "உனக்கு ஓட்டத் தெரியாது தம்பி" என்றார்கள் மற்றவர்கள். மெக்கானிக் ஐயா ஒருவர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழந்துணியால் முன் ரயரின் பக்கச் சுவரைத் துடைத்தார், பெருவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை வாசித்தார்: 3217. 2017ஆம் ஆண்டின் 32ஆவது கிழமையில் செய்த ரயர்.