மக்காச்சோளம், சோயா மொச்சை: களையை அடக்கிய பிறகே மேலுரம்

களை மண்டிய வயலில் யூரியாவைத் தூவினால் முதலில் செழிப்பது களைதான். ஆகவே உரமிடுவதையும் களையெடுப்பதையும் தனித்தனி வேலைகளாக நினைக்காமல் சேர்த்தே திட்டமிட வேண்டும். மக்காச்சோளத்தையும் சோயா மொச்சையையும் சுழற்சியாகவோ ஊடுபயிராகவோ சாகுபடி செய்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்னது தழைச்சத்தை (நைட்ரஜன்) ஏராளமாகக் கேட்கும் புல்லினப் பயிர். பின்னது வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்தே அந்தச் சத்தைப் பெறும் பயறு வகைப் பயிர். ஒன்றுக்கு ஏற்ற உர அளவோ களைக்கொல்லியோ மற்றதற்கு ஏற்காது.

மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதன்படியே உரமிட வேண்டும். இல்லாதபோது, இறவையில் பயிரிடும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரையை எடுத்துக்கொள்ளலாம்: எக்டருக்கு தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் முறையே 250, 75, 75 கிலோ. ஏக்கருக்கு இது 100, 30, 30 கிலோவாகும். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) 65 கிலோ இட்டால் மணிச்சத்து முழுவதும், தழைச்சத்தில் ஏறத்தாழ 12 கிலோவும் கிடைத்துவிடும். பொட்டாஷ் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ போதும். மீதித் தழைச்சத்துக்கு யூரியா 192 கிலோ தேவைப்படும். டி.ஏ.பி.யையும் பொட்டாஷையும் 29 கிலோ யூரியாவுடன் அடியுரமாக இட்டு, விதைத்த 25ஆம் நாளில் 109 கிலோ, 45ஆம் நாளில் 54 கிலோ என யூரியாவைப் பிரித்திட வேண்டும். 25ஆம் நாளின் பங்கு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அதன் பிறகே பயிர் வேகமாக வளர்ந்து தழைச்சத்தை மிகுதியாக உறிஞ்சத் தொடங்குகிறது. மானாவாரியில் அளவு குறையும். மண்ணில் ஈரம் இல்லாத நாளில் மேலுரம் இடுவது வீண்.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ இட வேண்டும். அதை டி.ஏ.பி.யுடன் கலக்காமல், மணலுடன் கலந்து தனியே தூவுவது நல்லது. இளம் இலைகளில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டைகள் தோன்றினால் அது துத்தநாகப் பற்றாக்குறை. அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளாகி வந்தால் தழைச்சத்தும், அவற்றின் ஓரங்கள் கருகினால் சாம்பல்சத்தும் போதவில்லை என்று பொருள். இவற்றைப் பிரித்தறியாமல் எல்லா மஞ்சளுக்கும் யூரியாவையே மருந்தாக்குவது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

மக்காச்சோளத்தைக் களை பெரிதும் பாதிப்பது முதல் 45 நாட்களில்தான். தனிப்பயிராக இருந்தால், விதைத்த 3 முதல் 5 நாட்களுக்குள் ஈரமான மண்ணில், 50 சத அட்ரசின் களைக்கொல்லித் தூளை ஏக்கருக்கு 200 கிராம் வீதம், விசிறி வடிவ நாசில் பொருத்திய கைத்தெளிப்பானால் தெளிக்க வேண்டும். தெளித்த இடத்தை மிதித்துக் கலைக்காமல் பின்னோக்கி நடந்தபடி தெளிப்பது சிறந்தது. சாரணை போன்ற அகன்ற இலைக் களைகள் இதில் நன்கு அடங்கும். கோரை அடங்காது, அதைக் கிழங்கோடு கொத்தி எடுத்தே ஆக வேண்டும். 25ஆம் நாளில் எஞ்சிய களையைக் கொத்தி, அதன் பிறகு யூரியாவை இட்டு, உடனே மண் அணைக்க வேண்டும். யூரியா மண்ணுக்குள் மூடப்படுவதால் காற்றில் ஆவியாகி வீணாவது குறையும். இரண்டாம் மேலுரத்துக்கு முன்னும் கைக்களை எடுப்பது அவசியம்.

சோயா மொச்சைக்கு எக்டருக்கு 20 கிலோ தழை, 80 கிலோ மணி, 40 கிலோ சாம்பல் சத்துகளோடு 40 கிலோ கந்தகமும் வேண்டும். எனவே இங்கே டி.ஏ.பி.யை விடச் சூப்பர் பாஸ்பேட்டே என் தேர்வு: ஏக்கருக்கு 200 கிலோ இட்டால் மணிச்சத்தோடு கந்தகத் தேவையும் நிறைவேறிவிடும். அதனுடன் யூரியா 17 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ சேர்த்து அனைத்தையும் அடியுரமாகவே இடலாம். விதையைப் பூசணக்கொல்லியால் நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, இறுதியாக ஆறிய அரிசிக் கஞ்சியில் சோயாவுக்குரிய ரைசோபியத்தை (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். யூரியாவைக் கூட்டினால் செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். 40ஆம் நாளில் சில செடிகளை மண்ணோடு பெயர்த்து, முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து தயாராகிக்கொண்டிருக்கிறது.

சோயாவில் அட்ரசின் கூடவே கூடாது, பயிரே கருகிவிடும். 30 சத பெண்டிமெத்தலின் களைக்கொல்லியை ஏக்கருக்கு ஒரு லிட்டர் வீதம் விதைத்த மூன்று நாட்களுக்குள் தெளிக்கலாம். ஊடுபயிர் வயலில் இரண்டு பயிருக்கும் இதுவே பொருந்தும். தனிச்சோயாவில் முளைத்த களைகளுக்கு, அவை இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போது, 10 சத இமாசித்தாபிர் களைக்கொல்லியை ஏக்கருக்கு 400 மில்லி தெளிக்கலாம். இது மக்காச்சோளத்தைத் தாக்கும் என்பதால் பக்கத்து வயலுக்குக் காற்றில் பரவாத நேரம் பார்த்தே தெளிக்க வேண்டும். ஒரே தெளிப்பானை இரு பயிர்களுக்கும் பயன்படுத்துவோர், தொட்டியையும் குழாயையும் நாசிலையும் சோப்புத் தூள் கரைத்த நீரால் கழுவி, பிறகு நல்ல நீரால் பலமுறை அலசி, அந்நீரைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில் ஊற்றிவிட வேண்டும்.