ஊர் ஆற்றங்கரைக்குத் திரும்ப என்ன செய்யலாம்?

தாமிரபரணிக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி மாதிரி ஊர்களில் கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறது. கடைத்தெருவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் காரில் நேராகப் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நம்மூர்க் கரையை மறுபடி நாலு பேர் புழங்கும் இடமாக்கி, அதில் கடைத்தெருவுக்கும் பிழைப்பு வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்ததும் பூங்கா, டைல்ஸ் நடைபாதை, மின்விளக்கில் ஊர்ப்பெயர் என்று மனு எழுதாதீர்கள். ஆள் புழங்காத இடத்தில் எதைக் கட்டினாலும் ஆறே மாதத்தில் அது குடிகாரர்கள் கைக்குப் போய்விடும். குளிக்க, நீந்த, நடக்க, பறவை பார்க்க என்று ஜனங்கள் தினமும் படி இறங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலையை ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குங்கள். கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூன் 1 அன்று பாபநாசம் அணை திறப்பது வழக்கம். அதற்கு முன்னால் ஆறு ஒடுங்கிக் கிடக்கும்போதுதான் அதன் அடிவயிறு தெரியும். முதலில் கரையோரமாக ஒரு நடை நடந்து, ஊர்ச் சாக்கடை எங்கெங்கே ஆற்றில் விழுகிறது என்று பாருங்கள். அதற்கு மேற்கே, அதாவது தண்ணீர் வரும் பக்கம், இருக்கிற பழைய படித்துறையைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு அழகான கல்மண்டபம் இருந்தாலும் சாக்கடைக்குக் கீழே வேண்டாம். அங்கே பிள்ளைகளை இறக்க எனக்கு மனசு வராது.

அடுத்தது ஆழம் பார்ப்பது. இதில் அவசரம் கூடவே கூடாது. இரண்டு ஆள் உயர மூங்கில் ஒன்றில் அடிக்கு ஒரு வளையமாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த இருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கட்டும். கயிற்றின் மறுமுனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கட்டும். படியிலிருந்து ஒவ்வோர் எட்டு எடுத்து வைக்கும்போதும் மூங்கிலை ஊன்றி அளவைச் சொல்ல, கரையிலிருப்பவர் நோட்டில் குறிக்க வேண்டும். மணல் அள்ளிய குழி முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டிலேயே இருக்கும். மேலே பார்த்தால் துளிகூடத் தெரியாது. நம்மூர் ஆற்றில் போன உயிர்களில் பல இப்படிப்பட்ட குழியில் போனவைதான். இடுப்பளவு ஆழம் முடியும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டி, காலி எண்ணெய் கேன்களை மிதவையாகத் தொங்கவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லை அது.

படித்துறை வேப்பமரத்தில் காற்றடித்த லாரி டியூப் ஒன்றும், அதோடு முடிந்த நீளக் கயிறும் எப்போதும் தொங்க வேண்டும். ஒருவர் தத்தளித்தால் டியூபை எறிய வேண்டுமே தவிர, பின்னாலேயே குதிக்கக் கூடாது. இதைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்தே காட்டுவார்கள். நீச்சல் பழக்கச் சுரைக்குடுக்கை இன்றைக்கும் நல்ல சாதனம்தான். கிடைக்காவிட்டால் மூடி இறுகிய பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டலாம். ஞாயிறு காலை ஆறரைக்கு நீச்சல் வகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வந்தால் தாய் தகப்பன் வருவார்கள்; அவர்கள் கரையில் நின்றால் பாட்டில் கூட்டம் தானாக இடம் மாறும்.

பாட்டில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். குப்பை பொறுக்குவதோடு கரை சுத்தமாகிவிடாது. கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையைக் கொண்டுவந்து படியோர மணலைச் சலியுங்கள். நகக்கண் அளவு கண்ணாடிச் சில்லு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். ஷாம்பு பாக்கெட்டுக்கும், சடங்கு முடித்துத் தண்ணீரில் விடுகிற துணிக்கும் படி மேலேயே தனித்தனித் தொட்டி வையுங்கள்.

பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் என்னிடம், "சார், குளிக்க ஆசைதான். ஈரச் சேலையோட கடைத்தெரு வழியா எப்படி சார் வீட்டுக்கு நடக்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊர்ப் பாதிப் பேர் வரமுடியாத கரையை ஊர்க்கரை என்று எப்படிச் சொல்வது?

அந்த அறையைத் தண்ணீர் ஏறாத மேட்டில் கட்ட வேண்டும். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கரையோர வீடுகளில் கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த மட்டத்துக்குக் கீழே இருப்பவை இரண்டே வகையாக இருக்கட்டும்: முங்கினாலும் நிற்கிற கல், கழற்றித் தூக்கிக்கொண்டு போகிற சாமான். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முகப்பு மாதிரி கூராக இருக்கும். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை தொடரும். ஆற்றங்கரையில் கட்ட நினைக்கும் என்ஜினீயர்கள் எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கவும் பாசனத்துக்கும் திறக்கும் அளவைப் பொறுத்தது அது. நீர்வளத்துறை அலுவலகத்தில் பேசி, கூடுதலாகத் திறக்குமுன் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு தகவல் வரும்படி கேளுங்கள். இது அதிகப்படியான ஆசை இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ரயில்வேயால் உருவான சலைடா என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஆர்கன்சா ஆற்றில் 1949 முதல் படகுப் போட்டி நடத்துகிறார்கள். படகு விடுகிறவர்களும் தண்ணீர் நிர்வாகமும் பேசி, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை விநாடிக்கு 700 கன அடி ஓடும்படி பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடே செய்திருக்கிறார்கள். நாம் கேட்பது ஒரு முன்னறிவிப்பு மட்டும்தான்.

இனி கடைத்தெரு. கார், வேன் எதையும் படித்துறை வரை விடாதீர்கள். வண்டி கரைவரை வந்தால் கடைக்காரருக்கு ஒரு டீகூட விற்காது. வண்டிகளைச் சந்தைத் திடலில் நிறுத்தச் செய்து, அங்கிருந்து ஜனங்கள் கடைத்தெரு வழியாக நடந்து ஆற்றுக்கு வரட்டும். குளித்து ஏறியவருக்குப் பசிக்கும். காலை ஆறரைக்கே இட்லி ரெடியாக இருந்தால் போதும். துண்டு, வாடகைக்கு டியூப், சைக்கிள், கல்லிடைக்குறிச்சி என்றால் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டு அப்பளம் என்று வியாபாரம் அதன்போக்கில் வளரும். செங்கோட்டை லைனில் ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலிலேயே அம்புக்குறி போட்ட பலகை வையுங்கள். சைக்கிள் எடுத்தவர்களைத் திருப்புடைமருதூருக்கு அனுப்புங்கள்; கடனாநதி வந்து சேரும் இடம், 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆற்றுப் புறம்போக்கில் ஒரு கல் நடுவதற்கும் நீர்வளத்துறை அனுமதி வேண்டும். பேரூராட்சியிலோ நகராட்சியிலோ மன்றத் தீர்மானம் வாங்கி, அதை இணைத்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு காட்ட வேண்டியிருக்கும். கடைக்கு இவ்வளவு என்று வசூலித்து, மாதக் கணக்கைப் படித்துறை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். "எவ்வளவு அண்ணாச்சி மிச்சம்?" என்று யாரும் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் மூங்கிலை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்குங்கள். வெள்ளம் மணலைப் புரட்டியிருக்கும். போன மே மாத நோட்டை நம்பக் கூடாது. அதே மாதம் ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் மணிமுத்தாறு மையத்தார் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். 2011 முதல் நடக்கிறது. நீச்சல் வகுப்பில் பெரிய பிள்ளைகளாகப் பார்த்து அதில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.