நேற்று வரை வந்த ஃபோல்டர்: வீட்டு நெட்வொர்க்கில் விண்டோஸ், லினக்ஸ், மேக் முகம் திருப்பிக்கொண்டால்

"அக்கா, நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு. நான் ஒண்ணையும் தொடல."

தம்பி இப்படிச் சொன்னால் அதில் பாதியை நம்பலாம். அவன் தொட்டிருக்க மாட்டான். அப்டேட் தொட்டிருக்கும், ரவுட்டர் தொட்டிருக்கும், கரண்ட் போய் வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று கணினிகள். நான் புத்தகங்களுக்குப் பிழைதிருத்தம் பார்ப்பது விண்டோஸ் லேப்டாப்பில். தம்பியிடம் மேக். அலமாரியின் மேல்தட்டில் மானிட்டர்கூட இல்லாமல் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது. எல்லாருடைய கோப்புகளும் அதில்தான். மூன்றும் கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி என்ற ஒரே மொழியில்தான் பேசிக்கொள்கின்றன. விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது. லினக்ஸில் அந்த மொழியைப் பேச சாம்பா என்ற நிரலை நிறுவ வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது அது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயர்தான் சாம்பா.

எனக்கு இதில் படிப்பு எதுவும் கிடையாது. அலமாரிக்கும் மேசைக்கும் ஏறி இறங்கியே கற்றுக்கொண்டது எல்லாம். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் 'நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கிறதே, அதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதில் ஒரு கணினி தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

முன்பெல்லாம் கணினிகள் தங்கள் பெயரை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்ட முறை, எஸ்எம்பி-யின் முதல் பதிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றத் தொடங்கியது. சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பில் அதை முடக்கி வைத்தது. அது போனபோது பழைய பெயர்ப்பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. இன்றைய விண்டோஸ், டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறொரு முறையில் பக்கத்துக் கணினிகளைத் தேடுகிறது. சாம்பாவுக்கு அந்த முறை தெரியாது. ஆக லினக்ஸ் கணினி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், பட்டியலில் மட்டும் இருக்காது.

இணையத்தில் தேடினால் பலரும் சொல்லும் வைத்தியம், 'எஸ்எம்பி முதல் பதிப்பைத் திரும்ப ஆன் செய்' என்பது. செய்யாதீர்கள். பட்டியலில் ஒரு பெயர் தெரிவதற்காக 2017-இல் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிட வேண்டுமா? லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. நிறுவி ஓடவிட்டால் விண்டோஸ் பட்டியலில் பெயர் வந்துவிடும். வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் நேராக இப்படி அடியுங்கள்:

\\192.168.1.20

உங்கள் லினக்ஸ் கணினியின் எண் எதுவோ அதைப் போடுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட் சாவியோடு கே அழுத்தினால் முகவரி கேட்கும். அங்கே எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, பிறகு அந்த எண். ஃபோல்டர் திறந்துவிட்டால் உங்கள் பிரச்சினை பெயர்ப் பிரச்சினை மட்டும்தான். ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த முகவரிக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். எண்ணை ஒதுக்காமல் விட்டால் அடுத்த முறை ரவுட்டர் வேறு எண் கொடுக்கும், தம்பி மறுபடி "நேத்து வரைக்கும்" என்பான்.

எண்ணைப் போட்டும் திறக்கவில்லையா? அப்போது போய்ச் சேர்கிறோமா என்று பாருங்கள். இரண்டு கணினிகளின் எண்ணிலும் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருக்க வேண்டும், சாதாரண வீட்டு ரவுட்டரில் அப்படித்தான் இருக்கும். ஒன்று 192.168.1, இன்னொன்று 192.168.0 என்றால் இரண்டும் வேறு வேறு ரவுட்டருக்குக் கீழே இருக்கின்றன. 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை. விருந்தினர் வைஃபையில் மாட்டிக்கொண்டிருந்தால் இன்டர்நெட் கிடைக்கும், பக்கத்துக் கணினி கிடைக்காது. அந்த வசதியே அதற்காகத்தான். இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு மாலை முழுக்க நான் சாம்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் என் லேப்டாப்பில் விபிஎன் ஆன் ஆகியிருந்தது.

'இருக்கிறாயா' என்று ஒரு கணினியைக் கேட்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் தடுத்தால் உயிரோடிருக்கும் விண்டோஸும் பிங்குக்கு வாய் திறக்காது. அதனால் எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலையே, தட்டிப் பாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று வரும். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வேலைக்கு நெட்கேட் என்ற கட்டளை இருக்கிறது. அதில் விடை எப்படி வருகிறது என்பதிலேயே சேதி உண்டு. அடித்த உடனே 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், கணினி உயிரோடு இருக்கிறது, சாம்பாதான் ஓடவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்றால் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது அந்த எண்ணில் யாருமே இல்லை.

ஃபயர்வால் என்றால் உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் நிரலில் சாம்பாவுக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஃபெடோரா வகை லினக்ஸ் என்றால் ஃபயர்வால்-டி-யில் அனுமதி, அதற்கு மேல் எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் காவல் வேறு குறுக்கே நிற்கும். பகிரும் ஃபோல்டருக்கு சாம்பாவுக்கான லேபிள் போட வேண்டும். விண்டோஸில் பார்க்க வேண்டியது, அந்த வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா 'ப்ரைவேட்' என்றா என்பது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கிறது. பப்ளிக் என்றால், பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை வெளியே காட்டாது. புது ரவுட்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

போர்ட் திறந்திருக்கிறது, ஆனால் யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டுக்கேட்டுத் திருப்பி அனுப்புகிறது என்றால், மூன்று கணினிக்கும் மூன்று கதை.

லினக்ஸில் லாகின் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. எஸ்எம்பிபாஸ்வேட் கட்டளையில் சேர்க்காத ஆளை சாம்பாவுக்குத் தெரியாது. லாகின் பாஸ்வேர்டை மாற்றினாலும் இது பழையபடியே இருக்கும். நான் மாற்றிவிட்டு, புதியதை அடித்து அடித்து, கேப்ஸ் லாக்கைச் சந்தேகப்பட்டு, கீபோர்டையே மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் பின் நம்பர் போட்டு உள்ளே போகிறவர்கள், நெட்வொர்க்கிலும் அதையே அடிக்கிறார்கள். பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியும் அதன் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பகிர்வதற்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி வைத்துவிட்டேன், அதிலிருந்து தொல்லை இல்லை.

மேக்கில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் மட்டும் போதாது. அதன் ஆப்ஷன்ஸுக்குள் 'விண்டோஸ் ஃபைல் ஷேரிங்' என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக் இருக்கிறது. அது இல்லாமல் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் விண்டோஸிலிருந்து 'தவறு' என்றே வரும்.

இதோடு விண்டோஸின் ஞாபகசக்தி ஒன்று. ஒருமுறை தப்பாகச் சேமித்த பாஸ்வேர்டைக் கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் க்ரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்தக் கணினியின் பதிவை அழியுங்கள். 1219 என்ற எண்ணோடு பிழை வந்தால், அதே கணினியில் ஏற்கெனவே வேறு பெயரில் நுழைந்திருக்கிறீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு பெயரை விண்டோஸ் ஏற்காது. நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாமல் 'கெஸ்ட்' ஆக எல்லாரையும் விட்டுக்கொண்டிருந்த வீடுகளில் சமீபத்தில் வந்த கோளாறு: 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு. ப்ரோ வகையில் கெஸ்ட் நுழைவை அது மறுக்கிறது, போகிற வருகிற தரவில் கையொப்பமும் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் கையொப்பம் போட வழியில்லை. அதைத் தளர்த்த, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியை நோண்டச் சொல்வார்கள். சாம்பாவில் ஒரு கணக்கு உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எஸ்எம்பி-யின் முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய நெட்வொர்க் டிஸ்க் பெட்டி வைத்திருப்பவர்கள், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து ஒரு லினக்ஸ் கணினியில் போட்டுவிடுங்கள். அந்தப் பெட்டிக்காக மற்ற கணினிகளின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம்.

உள்ளே போயாயிற்று, ஃபோல்டர் பெயரும் தெரிகிறது, திறந்தால் 'அனுமதி இல்லை' என்றால் அது இரட்டைப் பூட்டு. விண்டோஸில் ஷேர் அனுமதி ஒன்று, டிஸ்கில் அந்த ஃபோல்டருக்கான அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் நிற்கும். லினக்ஸிலும் அப்படியே: சாம்பா 'எழுதலாம்' என்றாலும் ஃபைல் சிஸ்டம் 'கூடாது' என்றால் கூடாதுதான். அந்த ஃபோல்டருக்கு மட்டுமில்லை, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். உபுண்டு 21.04-இலிருந்து ஒருவருக்கென்று புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டருக்கு அனுமதி எண் 750, அதாவது மற்றவர்கள் எட்டிப்பார்க்க முடியாது. தம்பிக்கான ஃபோல்டரை என் ஹோமுக்குள் வைத்தால் அவன் வாசலிலேயே நிற்பான். பகிர்வதை ஹோமுக்கு வெளியே தனி இடத்தில் வையுங்கள்.

யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. மேல்தட்டு டெஸ்க்டாப் தானாகவே எழுந்தது, சாம்பா ஓடுகிறது, உள்ளேயும் போக முடிகிறது, ஆனால் கோப்புகள் உள்ள டிஸ்க் மட்டும் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது, டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி லாகின் செய்ததும் எல்லாம் வந்து நிற்கிறது! யாராவது திரையில் லாகின் செய்தால்தான் உபுண்டு அந்த டிஸ்கை ஏற்றும். அதுவும் லாகின் செய்தவர் பெயரிலேயே ஏற்றும், அடுத்தவருக்கு அனுமதி இருக்காது. கணினி எழும்போதே எந்த டிஸ்கை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கின் அடையாள எண்ணோடு ஒரு வரி சேர்த்தேன். 'நோஃபெயில்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிஸ்கைக் கழற்றிய நாளில் கணினியே எழுந்திருக்காமல் அடம்பிடிக்கும்.

கடைசியாகக் கோப்பின் பெயர். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் குறி இவற்றை லினக்ஸ் பெயரில் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பெயரின் கடைசியில் புள்ளி இருந்தாலும் அதற்குப் பிடிக்காது. இதெல்லாம் எந்த மொழியில் பெயர் வைத்தாலும் வருவது. தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது.

தம்பி தன் பழைய மேக் டிஸ்கிலிருந்து 'போட்டோ' என்ற ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் மேல்தட்டுக்கு ஏற்றியிருந்தான். நான் விண்டோஸிலிருந்து அங்கேயே 'போட்டோ' என்று ஒன்று உருவாக்கப் போனேன். 'ஏற்கெனவே உள்ளது' என்று தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. இப்போது ஒரே இடத்தில் இரண்டு 'போட்டோ'. பிழைதிருத்தக்காரி நான், எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. தேடினால் என்னுடையது மட்டும் வருகிறது.

லினக்ஸில் பெயரின் நீளத்தை எண்ணிப் பார்த்ததும் புரிந்தது. என்னுடையது 18 பைட், அவனுடையது 24. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழியும் காலும் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க் எல்லாப் பெயரையும் துண்டாக்கியே சேமிக்கும். விண்டோஸில் நான் அடிப்பது ஒரே குறியாகப் போகிறது. 'போட்டோ'வில் ஓகாரம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் கூடுதல், ஆக 6. லினக்ஸ் பைட்டை மட்டுமே பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். கொ, கோ, கௌ வரிசை எழுத்து வரும் எந்தப் பெயரிலும் இது நடக்கும். 'படங்கள்' என்று வைத்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கவே போவதில்லை.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற நிரல் துண்டான பெயர்களை ஒட்டித் தரும். சும்மா ஓடவிட்டால் என்ன செய்யப் போகிறது என்று காட்டுமே தவிர மாற்றாது. 'நோடெஸ்ட்' என்று சேர்த்தால்தான் மாற்றும். முதல் தடவை சேர்க்காமலே ஓட்டிப் பாருங்கள். என் இடத்தில் ஒட்டிய பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்ததால், முதலில் என் ஃபோல்டரில் இருந்த நான்கு படத்தைத் தம்பியுடையதில் போட்டுவிட்டு, 18 பைட்காரனை அழித்துவிட்டு, பிறகு ஓட்டினேன். தம்பியின் டிஸ்கிலிருந்து வந்த மற்ற ஃபோல்டர்களிலும் 'தொகுப்பு', 'கோவில்', 'பொங்கல்' என்று வரிசையாக மாறிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு தேடினால் எல்லாம் வருகிறது.