கரண்ட் போனா மீன் தொட்டியை என்ன பண்றது? (புதுசா வளர்க்கறவங்களுக்கு)

இப்ப கரண்ட் போயி, போன் வெளிச்சத்துல இதை படிச்சுட்டு இருக்கீங்கன்னா மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம். ஒரு மக் எடுத்துட்டு போங்க, தொட்டில இருக்கற தண்ணியவே மொண்டு, ஒரு சாண் உயரத்துல இருந்து அதே தொட்டில திரும்ப ஊத்துங்க, ஒரு அஞ்சு நிமிஷம் விடாம. புதுத் தண்ணி வேணாம், மருந்து எதுவும் வேணாம். ஊத்திட்டீங்களா, சரி, இப்ப உக்காந்து படிங்க.

இதை ஏன் முதல்ல சொன்னேன்னா, கரண்ட் போனதும் புதுசா வளர்க்கறவங்க பயப்படறது ஹீட்டர் நின்னுடுச்சே, ஃபில்டர் நின்னுடுச்சே, தண்ணி அழுக்காயிடுமேன்னு தான். அதெல்லாம் மெதுவா வர்ற பிரச்சனை. சீக்கிரமா வர்றது மூச்சு. ஏர் பம்ப்ல இருந்து வர்ற பபுள்ஸ் தான் தண்ணிக்குள்ள ஆக்சிஜனை ஏத்துதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். அந்த பபுள்ஸ் மேல வந்து உடையறப்ப மேல்மட்டத் தண்ணி கலங்குது பாருங்க, பெரும்பாலான வேலை அங்க தான் நடக்குது, காத்தும் தண்ணியும் தொடற அந்த இடத்துல. மோட்டார் நின்னா மேல்மட்டம் கண்ணாடி மாதிரி அசையாம கிடக்கும், ஆக்சிஜன் உள்ள போறது ரொம்ப ஸ்லோவாயிடும், ஆனா உள்ள மீனும் பாக்டீரியாவும் செலவு பண்ணிட்டே இருக்கும், இருட்டுல செடியும் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கும்.

தண்ணியோட கையிருப்பும் ரொம்ப கம்மி. 25 டிகிரில ஒரு லிட்டர் நல்ல தண்ணில அதிகபட்சமே சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் தான் கரைஞ்சு நிக்கும், 30 டிகிரின்னா 7.5 கிட்ட வந்துடும். 5க்கு மேல இருந்தா பெரும்பாலான மீனுக்கு பரவால்ல, 2, 3னு இறங்கினா ஆபத்து. இதுல இன்னொரு கொடுமை, தண்ணி சூடாக சூடாக மீனுக்கு ஆக்சிஜன் அதிகமா தேவைப்படும், தண்ணில இருக்கறதோ குறைஞ்சுட்டே போகும். அதனால வெயில் காலத்துல கரண்ட் போறது குளிர் காலத்துல போறதை விட மோசம்.

எவ்ளோ நேரம் தாங்கும்னு எல்லாரும் கேப்பாங்க, ஒரே பதில் கிடையாது. அகலமான தொட்டி, மீன் கம்மின்னா ஒரு ராத்திரி முழுக்க ஒண்ணும் ஆகாம கூட போகலாம். மீனை அடைச்சு வச்ச தொட்டின்னா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே மேல வந்து வாயை பொளக்க ஆரம்பிச்சுடும். லிட்டர் கணக்கை விட மேல்பரப்பு எவ்ளோங்கறது தான் முக்கியம், ஒரே 60 லிட்டர் தொட்டி நீளமா இருந்தா ஒரு மாதிரி, ஒல்லியா உயரமா இருந்தா வேற மாதிரி. உருண்டை பவுல் வச்சிருக்கறவங்க கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி வச்சிருப்பீங்க, கரண்ட் போனா வயிறு அகலமா இருக்கற மட்டத்துக்கு தண்ணியை குறைச்சுடுங்க, மேல்பரப்பு டக்குனு கூடிடும். (பவுல்ல மீன் வளர்க்கறதை பத்தி எனக்கு வேற கருத்து இருக்கு, அது இன்னொரு நாள்.)

சரி, வரிசையா வருவோம்.

ஸ்டெப் 1: பிளக்கை எல்லாம் பிடுங்குங்க

கரண்ட் இல்லாதப்ப எதுக்கு பிளக்கை பிடுங்கணும்னு தோணும். கரண்ட் திரும்ப வர்ற நேரத்துல நீங்க தொட்டி பக்கத்துல இருக்க மாட்டீங்க, அதுக்கு தான். தண்ணி மட்டம் குறைஞ்சு ஹீட்டர் வெளிய தெரிஞ்சுட்டு இருக்கறப்ப கரண்ட் வந்தா அது காத்துலயே சூடாகி, அப்புறம் தண்ணி பட்டதும் ஹீட்டரோட கண்ணாடி வெடிச்சுடும். தொட்டி விளிம்புல தொங்கற ஃபில்டர்ல தண்ணி இறங்கி போயிருந்தா மோட்டார் காஞ்சு போயி ஓடும், கத்தும், கடைசில எரிஞ்சுடும்.

அப்படியே ஏர் பம்ப் எங்க இருக்குன்னு பாருங்க. தொட்டித் தண்ணி மட்டத்துக்கு கீழ வச்சிருந்தா, பம்ப் நின்னதும் தண்ணி டியூப் வழியா பின்னாடி வந்து பம்ப்புக்குள்ள போயி தரைக்கு வந்துடும். எனக்கு நடந்திருக்கு, காலைல தூக்கக் கலக்கத்துல கால் வச்சா சில்லுனு இருந்துச்சு, தொட்டில நாலு விரல் தண்ணி இறங்கியிருந்துச்சு. டியூபுக்கு நடுவுல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (காத்தை ஒரு பக்கமா மட்டும் விடும், தண்ணியை திரும்ப வர விடாது) மாட்டினா இந்த தொல்லையே இல்ல, இல்லேன்னா பம்ப்பை தொட்டியை விட உயரத்துல வைங்க.

செடித் தொட்டிக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சிருக்கறவங்க அதோட வால்வை கையால மூடிடுங்க. சோலனாய்டு (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) இருந்தா கரண்ட் போறப்பவே தானா மூடிக்கும், சாதா வால்வுன்னா கேஸ் உள்ள போயிட்டே இருக்கும். ஈஸ்ட், சர்க்கரை போட்டு பாட்டில்ல செய்யறவங்க டியூபை தொட்டில இருந்து வெளிய எடுத்துடுங்க, அது கரண்ட் போச்சுன்னு நிக்கவே நிக்காது.

ஸ்டெப் 2: மூடியை திறங்க, சாப்பாடு போடாதீங்க

மூடி திறந்தா காத்து போகும், வெயில் காலத்துல தண்ணியோட சூடும் கொஞ்சம் இறங்கும். துள்ளற மீன் இருந்தா மேல வலை மாதிரி எதையாவது போட்டு வைங்க. சாப்பாடு மட்டும் சுத்தமா வேணாம். பாவம் பசிக்குமேன்னு நினைக்காதீங்க, வளர்ந்த நல்ல மீன் ரெண்டு மூணு நாள் சாப்பிடாம சாதாரணமா இருக்கும். சாப்பிட்டா செரிக்கறதுக்கு ஆக்சிஜன் அதிகமா இழுக்கும், கழிவு போடும், அதுல மீனுக்கு விஷமான அமோனியா வரும், அதை சுத்தம் பண்ற ஃபில்டரும் ஓடல.

ஸ்டெப் 3: மீனை பாருங்க

அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. எல்லாம் மேல்மட்டத்துல வந்து வாயை திறந்து திறந்து மூடுதா, செவுள் படபடன்னு வேகமா அடிக்குதா, நத்தை எல்லாம் தண்ணிக்கு வெளிய ஏறுதா, இறால் மேல வந்து ஒட்டிக்குதா, இதெல்லாம் ஆக்சிஜன் குறையற அடையாளம். பைட்டர், கௌராமி இதுங்க மேல வந்து காத்து குடிக்கறது அதுங்களோட பழக்கம், வெளிக் காத்தை நேரா சுவாசிக்க தனி உறுப்பே இருக்கு, அதனால பைட்டர் மட்டும் வளர்க்கறவங்க நிம்மதியா தூங்கலாம். கோரிடோராஸும் (அடில திரியற சின்ன கெளுத்தி வகை) அப்பப்ப சர்ருன்னு மேல போயி ஒரு வாய் காத்து எடுத்துட்டு வரும், அதை பாத்து பதறாதீங்க, ஆனா வழக்கத்தை விட அடிக்கடி போனா கவனிங்க. டெட்ரா, ஏஞ்சல் மாதிரி வெளிக் காத்தை சுவாசிக்க முடியாத மீனுங்க தான் முதல்ல திணறும்.

ஸ்டெப் 4: மக் வேலை

அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிஷம். மீன் திணறுதுன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. நேரா ஊத்தினா அடில இருக்கற மணல் கிளம்பி, அதுக்குள்ள தேங்கின அழுக்கெல்லாம் மேல வரும், அதனால ஒரு கையை நடுவுல வச்சு கை மேல ஊத்துங்க, இல்ல ஒரு தட்டு மிதக்க விட்டு அது மேல ஊத்துங்க. மேல எண்ணெய் படலம் மாதிரி இருந்தா டிஷ்யூ பேப்பரை தண்ணி மேல படுக்க வச்சு இழுத்து எடுங்க, அந்த படலம் காத்தை தடுக்கும், நிறைய பேர் அதை கண்டுக்கறதே இல்ல.

கை வலிக்குதுன்னா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோட அடில ஊசியால நாலஞ்சு ஓட்டை போட்டு, தொட்டித் தண்ணியை நிரப்பி மேல தொங்க விடுங்க, மூடியை லூஸ் பண்ணா சொட்டும், டைட் பண்ணா நிக்கும். இது மக் அளவுக்கு வேலை செய்யாது, நடுவுல கொஞ்சம் கண்ணசர உதவும், அவ்ளோதான். டியூபுல வாயால ஊதலாமான்னு கேக்கறவங்க உண்டு. நாம விடற மூச்சுல இன்னும் 16 சதவீதம் கிட்ட ஆக்சிஜன் இருக்கறது உண்மை தான், ஆனா கூடவே 4 சதவீதம் கிட்ட கார்பன் டை ஆக்சைடும் போகும், உங்களுக்கு தலை சுத்தும், மக்கே மேல்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்துனா ஆக்சிஜன் வரும்னு யாராவது சொல்வாங்க. வரும், ஆனா அளவு தப்பினா செவுள் வெந்துடும். இருட்டுல, பதட்டத்துல, முதல் தடவை செஞ்சு பாக்கற விஷயம் இல்ல அது.

ஸ்டெப் 5: சூடு, குளிர்

தண்ணி சீக்கிரம் சூட்டை விடாது, 100 லிட்டர் தொட்டின்னா ராத்திரி முழுக்க மெதுவா தான் இறங்கும், 10 லிட்டர்னா சீக்கிரமே இறங்கிடும். குளிர் காலத்துல நாலு பக்கமும் போர்வையோ தெர்மாகோலோ சுத்துங்க, மேல மட்டும் காத்துக்கு வழி விடுங்க. ரொம்ப குளிர்ந்தா வெந்நீரை பாட்டில்ல அடைச்சு மிதக்க விடலாம். வெயில் காலத்துல இதுக்கு நேர் எதிர், ஐஸை பாட்டில்லயோ கவர்லயோ அடைச்சு போடணும், நேரா போடாதீங்க. எதுவா இருந்தாலும் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல மாத்தாதீங்க.

ஸ்டெப் 6: ஃபில்டர், இதுல தான் நான் ஏமாந்தேன்

வளர்க்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்ல. அலாரம் வச்சு எந்திரிச்சு எந்திரிச்சு மக்ல ஊத்தி எல்லா மீனையும் காப்பாத்திட்டேன், காலைல கரண்ட் வந்துச்சு, கேனிஸ்டர் ஃபில்டர் தானா ஓட ஆரம்பிச்சுது, நான் பெருமையா தூங்க போயிட்டேன். மத்தியானம் எந்திரிச்சு பாத்தா தொட்டி கலங்கி கிடக்கு, அழுகின முட்டை நாத்தம், ஏஞ்சல் ரெண்டும் மல்லாந்து கிடக்குது.

நடந்தது என்னன்னா, அமோனியாவை மாத்தற நல்ல பாக்டீரியா எல்லாம் ஃபில்டருக்குள்ள இருக்கற ஸ்பாஞ்ச், செராமிக் வளையத்துல தான் அதிகமா வாழுது, அதுக்கும் ஆக்சிஜன் வேணும். கேனிஸ்டர் மூடின டப்பா, தண்ணி ஓடாம நின்னா உள்ள இருக்கற ஆக்சிஜன் சில மணி நேரத்துல தீர்ந்துடும், பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், உள்ள சேர்ந்த அழுக்கு அழுகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகின தண்ணி முழுக்க ஒரே தள்ளுல தொட்டிக்குள்ள வந்து விழும்.

அதனால ரெண்டு மணி நேரத்துக்கு மேல கரண்ட் வராதுன்னு தெரிஞ்சா கேனிஸ்டரை திறந்து, ஸ்பாஞ்சையும் வளையத்தையும் எடுத்து ஒரு பக்கெட்ல தொட்டித் தண்ணில போட்டு வைங்க, மக்ல மொள்றப்ப அது மேலயும் நாலு மக் ஊத்துங்க. இல்லேன்னா ஒரு வலைப் பையில போட்டு தொட்டிக்குள்ளயே தொங்க விடுங்க, இன்னும் ஈசி. சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏற்கனவே தொட்டிக்குள்ள திறந்து கிடக்கறதால அதுல இந்த பிரச்சனை ரொம்ப கம்மி. குழாய்த் தண்ணில கழுவாதீங்க, குளோரின் இருந்தா மிச்சம் இருக்கற பாக்டீரியாவும் போயிடும்.

ரொம்ப நேரம் ஆச்சுன்னா கால் பங்கு தண்ணி மாத்தலாம், குளோரின் எடுத்த தண்ணி, கிட்டத்தட்ட அதே சூட்டுல. மொத்தமா மாத்தறது மட்டும் வேணாம்.

ஸ்டெப் 7: கரண்ட் வந்ததும்

முதல்ல ஏர் பம்ப். அப்புறம் ஃபில்டர், உள்ள நின்ன தண்ணியை கீழ கொட்டிட்டு, பழைய தொட்டித் தண்ணில அலசி மாட்டி, ஓட விடுங்க. முகர்ந்து பாருங்க, நாத்தம் அடிச்சா திரும்ப அலசுங்க. ஹீட்டர் கடைசி, அது முழுசா தண்ணிக்குள்ள இருக்கான்னு பாத்துட்டு. சாப்பாடு மறுநாள், அதுவும் கொஞ்சமா. அடுத்த ஒரு வாரம் அமோனியா டெஸ்ட் பண்ணிட்டே இருங்க, ஏறினா தண்ணி மாத்துங்க, ஏன்னா பாக்டீரியா திரும்ப வளர நேரம் எடுக்கும்.

அடுத்த தடவைக்கு என்ன வாங்கி வைக்கலாம்

யூஎஸ்பில ஓடற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு, ஒரு பவர் பேங்க், இது போதும் பெரும்பாலான வீட்டுத் தொட்டிக்கு. 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க்னா உள்ள சுமார் 37 வாட் அவர் இருக்கும், நஷ்டம் போக 25 கிட்ட கைக்கு வரும், 1 வாட் பம்ப்னா கிட்டத்தட்ட ஒரு நாள், 2.5 வாட்னா பத்து மணி நேரம். ஆனா ஒரு சிக்கல், சில பவர் பேங்க் ரொம்ப கம்மியா கரண்ட் இழுத்தா போன் சார்ஜ் ஏறிடுச்சுன்னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடும். பகல்ல ஒரு தடவை மாட்டி ரெண்டு மணி நேரம் ஓடுதான்னு பாத்துடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அதை கண்டுபிடிக்க வேணாம்.

பேட்டரி செல் போடற பம்ப்லயும் கரண்ட் போனதும் தானா ஓடற மாதிரி வருது, வீட்ல ஆள் இல்லாதவங்களுக்கு அது தான் சரி. கம்ப்யூட்டர் யூபிஎஸ், இன்வெர்ட்டர் இருந்தா ஏர் பம்ப்பை மட்டும் அதுல மாட்டுங்க, 4 வாட் தான் இழுக்கும். 100 வாட் ஹீட்டரையும் சேர்த்து மாட்டினா பேட்டரி சீக்கிரமே காலியாகி ரெண்டும் நின்னுடும். ஜெனரேட்டர்னா கண்டிப்பா வீட்டுக்கு வெளிய, அந்த புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு மனுஷனையே கொன்னுடும்.

செல்லை பம்ப்புக்குள்ளயே போட்டு மாசக்கணக்குல வைக்காதீங்க, ஒழுகி உள்ள பச்சை பூத்துடும். தானா ஓடற மாடல்னா செல் உள்ளயே இருந்தாகணும், அதை மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. மத்ததுக்கு செல், டியூப், ஏர் ஸ்டோன் (டியூப் நுனில மாட்டற, பபுள்ஸ் விடற கல்), டார்ச் எல்லாம் ஒரு டப்பால போட்டு தொட்டி ஸ்டாண்டுக்கு அடிலயே வைங்க, டியூப் முன்னாடியே அளந்து வெட்டினதா இருக்கட்டும்.