கருப்பைவாய்ச் சளியைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாட்களை அறிவது எப்படி?

வெள்ளைப்பட்டால் உடல் சூடு என்றும், எலும்பு உருகி வருகிறது என்றும் சொல்லி இளம்பெண்களைப் பயமுறுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். எலும்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நலமாக உள்ள பெண்ணுக்கு மாதந்தோறும் வரும் அந்த ஈரத்தின் கணிசமான பகுதி, கருப்பையின் வாய்ப்பகுதியில் உள்ள சுரப்பிகள் சுரக்கும் சளிதான். அதைக் கவனித்து எழுதிவைக்கப் பழகினால், குழந்தைக்காக முயலும் தம்பதியருக்குச் செலவில்லாத ஒரு குறிப்பு கிடைக்கிறது.

இது எதனால் மாறுகிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மாதவிடாய்க்குப் பின் சினைப்பையில் கருமுட்டை முதிரத் தொடங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அது கூடக்கூடச் சளியில் நீர் மிகுந்து, தெளிந்து, வழுவழுப்பாகி, இழுத்தால் நூலாக நீள்கிறது. யோனியின் அமிலத்தன்மையில் விரைவில் அழிந்துபோகும் விந்தணுக்கள் இந்தச் சளியில் மட்டும் சில நாட்கள், அதிகபட்சம் ஏறத்தாழ 5 நாட்கள் வரை, உயிரோடிருக்கும். வெளிவந்த கருமுட்டையின் ஆயுளோ 12 முதல் 24 மணி நேரம்தான். எனவே ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய காலம் சுமார் 6 நாட்கள் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளிவந்த ஆய்வும், கருமுட்டை வெளிவரும் நாளோடு முடியும் 6 நாட்களில்தான் கருத்தரிப்பு நிகழ்ந்ததாகக் கண்டது.

இந்தக் கவனிப்பை ஒரு முறையாக வகுத்தவர், 1953இல் மெல்போர்னில் இந்த ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ஜான் பில்லிங்ஸ். அவருடைய மனைவியும் மருத்துவருமான எவலின் பின்னர் இதில் இணைந்தார். உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தபோது பெங்களூரும் ஒரு மையமாக இருந்தது. அங்கெல்லாம் பயிற்சி பெற்ற பெண்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் சுழற்சியிலேயே தங்கள் மாற்றத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதால், இது கடினமான வித்தை என்று தயங்க வேண்டியதில்லை.

படி 1: தொடங்கும் நாள்

உதிரப்போக்கு முழுமையாகத் தொடங்கும் நாளை முதல் நாளாகக் குறித்துக்கொண்டு, அது நின்ற மறுநாளிலிருந்து கவனிக்கத் தொடங்குங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த மாற்றங்கள் தெரியா. வாசனைத் திரவங்களால் உட்புறத்தைக் கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். அது சளியை அகற்றுவதோடு தொற்றுக்கும் வழிவிடும்.

படி 2: கவனிக்கும் முறை

பெரும்பாலான கையேடுகள் கழிவறைக் காகிதத்தால் துடைத்துப் பார்க்கச் சொல்கின்றன. நம் வீடுகளிலோ தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழக்கம். கழுவிய பின் பார்த்தால் எதுவும் மிஞ்சியிராது. ஆகவே சிறுநீர் கழிப்பதற்கு முன்பு, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த விரலாலோ ஒரு மெல்லிய காகிதத்தாலோ, யோனியின் வெளிவாயில் முன்னிருந்து பின்னாகத் தொட்டெடுத்துப் பாருங்கள். விரலை உள்ளே நுழைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை; உட்புறம் எப்போதும் ஈரமாகவே இருக்குமாதலால் அது தொடக்கநிலையினரைக் குழப்பத்தான் செய்யும். மலம் கழித்தவுடன் சளி கீழிறங்கி வருவதால் அப்போதும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எடுத்ததைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக விரித்துப் பாருங்கள். உடனே அறுந்துவிடுகிறதா, பசைபோல் ஒட்டுகிறதா, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் நீள்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஆனால் கண்ணால் காண்பதைவிட உணர்வே முக்கியம் என்பேன். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் அந்த இடம் வறண்டிருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, வழுக்குகிறதா என்பதை நாள் முழுவதும் கவனித்து வாருங்கள். நூலாக நீளும் சளி எல்லாப் பெண்களுக்கும் தெரிவதில்லை; அதைக் காணாமல் வழுக்கும் உணர்வை மட்டும் உணர்பவர்களுக்கும் கருமுட்டை சரியாகவே வெளிவரலாம்.

படி 3: எழுதிவைத்தல்

இரவு படுக்கப்போகும் முன், அன்றைய நாளின் மிக ஈரமான நிலை எதுவோ அதை மட்டும் நாட்காட்டியில் எழுதுங்கள். காலையில் வறட்சியாகவும் மாலையில் வழுவழுப்பாகவும் இருந்தால், அந்த நாள் வழுவழுப்பான நாள்தான். தாம்பத்திய உறவு கொண்ட நாளையும் குறிப்பது அவசியம். மறுநாள் வெளிவரும் விந்துவைச் சளி என்று எண்ணிவிடுவது எளிது. உணர்ச்சி மேலீட்டின்போது சுரக்கும் நீரும் அப்படித்தான், ஆனால் அது சிறிது நேரத்தில் காய்ந்துவிடும்.

படி 4: குறிப்பைப் படித்தல்

பலருக்கு மாதவிடாய்க்குப் பின் சில வறண்ட நாட்கள் வரும். பிறகு ஒட்டும் தன்மையுள்ள சளி, அடுத்து வெண்மையான குழகுழப்பு, இறுதியில் தெளிந்த வழுவழுப்பு என்று நிலைகள் மாறும். சுழற்சி குறுகியவர்களுக்கு வறண்ட நாட்களே இல்லாமலும் போகலாம். வழுக்கும் தன்மை இருந்த கடைசி நாளை உச்சநாள் என்கிறார்கள். கருமுட்டை பெரும்பாலும் அந்நாளிலோ அதற்கு ஓரிரு நாட்கள் முன்பின்னாகவோ வெளியாகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மறுநாள் சளி கெட்டியான பிறகுதான் முந்தைய நாள் உச்சநாள் என்று தெரியவரும். குழந்தை வேண்டுவோர் உச்சநாளை எதிர்பார்த்துக் காத்திருந்தால் நல்ல நாட்களைத் தவறவிடுவார்கள். ஈரம் தொடங்கியதிலிருந்தே தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்வதே சரி. எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று கணக்கிடும் கைபேசிச் செயலிகளைவிட இது நம்பகமானது என்பது என் கருத்து. 34 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கருமுட்டை 20ஆம் நாளையொட்டி வெளிவரலாம். அந்தப் பெண்ணுக்கு 14ஆம் நாளால் பயன் குறைவு. அதே சமயம், கருத்தரிக்கக் கூடாது என்பவர்கள் பயிற்சியாளரின் உதவியின்றி இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஈரமான நாட்கள் விட்டுவிட்டு பலமுறை வந்துபோகும். ஒவ்வொன்றும் கருமுட்டை வெளிவந்ததற்கான அடையாளம் அல்ல. கருமுட்டை வளரக் கொடுக்கப்படும் குளோமிஃபின் மாத்திரையும், சளி இருமலுக்குச் சாப்பிடும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் சுரப்பை வறளச் செய்யலாம். பாலூட்டும் தாய்மார்களின் குறிப்பும் எளிதில் பிடிபடாது.

படி 5: உச்சநாளுக்குப் பின்னர்

கேள்விகள் அதிகம் எழுவது இங்கேதான். வெள்ளையாக வருகிறதே, கரு நின்றுவிட்டதா என்று கேட்பவர்களும், வறண்டுவிட்டதே, இந்த மாதமும் இல்லையா என்று கலங்குபவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். சளியைப் பார்த்து இரண்டையும் சொல்ல முடியாது. கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம், கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் முதலில் ஒரே மாதிரிதான் புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் விளைவாக இரு நிலையிலும் சளி கெட்டியாகி, குறைந்து, கருப்பைவாயை அடைத்துக்கொள்கிறது. கரு கருப்பைச் சுவரில் பதிவதற்கே பெரும்பாலும் 6 முதல் 12 நாட்கள் ஆகும்; அதற்குப் பின்னரே கர்ப்பத்துக்குரிய ஹார்மோன் உடலில் கூடத் தொடங்குகிறது.

கர்ப்பம் உறுதியான பிறகு, பிறப்புறுப்புப் பகுதியில் இரத்த ஓட்டமும் ஈஸ்ட்ரோஜனும் கூடுவதால், மெல்லிய, பால்நிற, கெட்ட வாடையில்லாத வெள்ளைப்படுதல் பலருக்கு அதிகரிக்கும். அது இயல்பானது, அது வராதிருப்பதும் இயல்பானதே. எனவே உச்சநாளிலிருந்து 14 நாட்களுக்கு மேலாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பரிசோதனை செய்து பார்ப்பதுதான் வழி. கோடு விழாவிட்டால் சில நாட்கள் கழித்து மீண்டும் பாருங்கள்.

படி 6: மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரம்

அரிப்போடு கட்டிகட்டியாக வந்தால் பூஞ்சைத் தொற்றாகவும், சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியாப் பெருக்கமாகவும், மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியின் தொற்றாகவும் இருக்கலாம். மூன்றும் குணப்படுத்தக்கூடியவை, ஆனால் சிகிச்சை வெவ்வேறு என்பதால் மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது சரியல்ல. ஓராண்டு முயன்றும் கரு நிற்கவில்லையென்றால் (35 வயதைக் கடந்தவர்கள் என்றால் 6 மாதங்களிலேயே), எழுதிவைத்த குறிப்புகளோடு கணவன் மனைவி இருவருமாக மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தபின் உதிரம் பட்டாலோ, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி அல்லது மயக்கம் வந்தாலோ, கரு கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால், மறுநாள் வரை தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.